கேட் கீப்பரின் கையெழுத்து

டிப்போவில் அவருக்கு நத்தை என்று பேர். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர், இந்த ஒரு வருஷமாக இப்படி ஊர்ந்து வருகிறாரே என்று ஆளாளுக்குக் கிண்டலடிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பார். பக்கவாட்டில் எதுவும் தெரியவில்லை என்று சொல்வதைவிடச் சிரிப்பது சுலபமாக இருந்தது.

நேரே இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். ஓரத்தில்தான் ஒன்றுமே இல்லை. போன வாரம் ஸ்டாப்பிலிருந்து வண்டியை எடுத்தபோது கண்டக்டர் தகரத்தைப் படபடவென்று தட்டினார். இடது சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் உறைந்துபோய் நின்றிருந்தாள்.

"பார்த்துட்டுத்தானே எடுத்தேன். யாருமே இல்லையே" என்றார் இவர்.

அன்றிலிருந்து கண்டக்டர் இடது ஜன்னலில் எட்டிப் பார்த்து "போலாம்ணே" என்று சொன்ன பிறகுதான் வண்டி நகர்கிறது. இவர் எழுத்து கட்டம் மாறி விழுவதால், டிரிப் ஷீட்டையும் அவரே எழுதி, இவர் கையெழுத்தையும் அவரே போட்டுவிடுகிறார். இன்றைக்கு அந்தக் கண்டக்டர் லீவு. இரண்டு மணி டிரிப்புக்கு யாரோ ஒரு புது ஆள்.

வீட்டுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்த கண் டாக்டர் கேட்டது ஒன்றுதான். அம்மா வழி ஆண்களில் யாருக்காவது இப்படிப் பார்வை சுருங்கியிருக்கிறதா? இருந்தால், போனது திரும்பாது, இருப்பதும் சுருங்கிக்கொண்டே போகும். இல்லையென்றால் வேறு காரணம் தேடிப் பார்க்கலாம்.

அம்மாவின் அப்பாவைப் பற்றி வீட்டில் சொன்னதெல்லாம், ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்தார், காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார் என்பதுதான். அந்தக் காய்ச்சல் நிஜமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே இன்று காலை ரயில்வேயின் பழைய ஆவண அறைக்கு வந்திருந்தார்.

அறைப் பொறுப்பாளர் அம்மாள் தும்மிக்கொண்டே மூன்று வருகைப் பதிவேடுகளையும் ஒரு மெல்லிய ஃபைலையும் மேஜையில் வைத்தார். முதல் பதிவேட்டில் தாத்தாவின் கையெழுத்து கட்டத்துக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. இரண்டாவதில் அது பக்கத்துக் கட்டத்தில் போய் விழ ஆரம்பித்தது. யாரோ அடித்து அடித்துத் திருத்தியிருந்தார்கள். மூன்றாவதில் மறுபடி எல்லாம் ஒழுங்கு. அப்பாடா என்று மூச்சுவிட்டவர், அடுத்த வரியைப் பார்த்தார். கூட வேலை பார்த்தவரின் கையெழுத்து அது. இரண்டிலும் அதே சாய்வு, கடைசியில் அதே சுழி. மனுஷன் தாத்தாவுக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்படியே எழுந்து போய்விடலாமா என்றுகூட இவருக்குத் தோன்றியது. ஆனாலும் ஃபைலைத் திறந்தார்.

விசாரணை அறிக்கை. கேட் திறந்திருந்தது, ரயில் வந்துவிட்டது, தண்டவாளத்தைக் கடந்த வேனில் இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். தாத்தாவின் வாக்குமூலம் இரண்டே வரி: "இரண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் கேட்டைத் திறந்தேன். எதுவுமே வரலை." வேலை நீக்கம். காரணம், பார்வைக் குறைவு. காய்ச்சல் என்ற சொல் எங்கேயும் இல்லை. கீழே வேறு மையில் ஒரு குறிப்பு: சக ஊழியர் அன்று விடுப்பில் இருந்தார்.

"தண்ணி குடிக்கிறீங்களா? முகமெல்லாம் வேர்த்திருக்கே" என்றார் அந்த அம்மாள். இவர் ஃபைலை மூடி அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார்.

டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாக ஐந்து நிமிஷம். பஸ் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம் இழுத்தது. வாயை மூடிக்கொண்டு இந்த ஒரு டிரிப்பை மட்டும் ஓட்டிவிடலாம் என்றும் மனசு சொன்னது. தாத்தாவும் அன்று இப்படித்தான் நினைத்திருப்பார்.

"வாங்க நத்தை, இன்னைக்காவது டயத்துக்கு எடுங்க" என்று டைம் கீப்பர் சாவியை நீட்டினார்.

சாவி நேரே இருந்ததால் நன்றாகவே தெரிந்தது. இவர் கையை நீட்டவில்லை.

"எனக்கு இடது பக்கம் தெரியலை" என்றார். "வலது பக்கமும் தெரியலை."

டைம் கீப்பர் பாதி சிரித்து, இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.