ஜாக்கெட்டுக்குள் போன அன்வான்டட்

ஒரு சொல்லின் முன்னால் ‘அன்’ ஒட்டிக்கொண்டால் அது ‘இல்லை’ என்றுதான் ஆக வேண்டுமா என்ற சந்தேகம் எனக்கு வகுப்பில் வரவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், அம்மாவின் தையல் மெஷின் பக்கத்தில் வந்தது. அன்று காலையில் அம்மாவின் விரலிடுக்கில் அரை பிளேடு இருந்தது. எதிரே ஒரு கல்யாண வீடே கோபமாக உட்கார்ந்திருந்தது.

நான் ஆறாம் வகுப்பு. ஆங்கில மிஸ் அந்த வாரம்தான் ரகசியத்தைச் சொல்லியிருந்தார். ஹேப்பி என்றால் சந்தோஷம், அன்ஹேப்பி என்றால் சந்தோஷம் இல்லை. லக்கி, அன்லக்கி. ஃபேர், அன்ஃபேர். பாதி அகராதி கைக்கு வந்துவிட்டது மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை. ரஃப் நோட்டைக் கிழித்து, சீட்டுக்கு ஒரு சொல்லாகச் சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதி, அடியில் தமிழ் அர்த்தமும் போட்டு வீடு முழுக்க இறைத்தேன்.

அம்மாவோ, பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் எந்தத் தாளையும் வீணாக்க மாட்டாள். தைக்க வரும் ஒவ்வொரு துணியிலும் ஊரும் கிழமையும் எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்திவைப்பாள். தைத்து முடித்ததும் எடுத்துவிடுவாள். முகூர்த்த மாதத்து அவசரத்தில் ஒரே ஒரு சீட்டு மட்டும் லைனிங்குக்குள் தங்கிவிட்டது. அனந்தபுரத்து மணப்பெண் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தபோது அது நழுவி விழுந்திருக்கிறது. ஒரு பக்கம், ‘அனந்தபுரம், புதன்’. மறுபக்கம் சிவப்பு எழுத்தில், ‘அன்வான்டட் – வேண்டப்படாத.’

கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவளுடைய அத்தை காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்.

“இன்னாம்மா இது? எவ சொல்லிக் குடுத்து இத்த உள்ள வச்சித் தச்ச? செவப்புல வேற எழுதியிருக்குது!”

தெரு கூடிவிட்டது. பெண் அழுது சிவந்த கண்ணோடு நின்றாள். ‘செய்வினைக்காரி’ என்று ஒருமுறை பெயர் கிளம்பிவிட்டால் அதற்கப்புறம் எங்கள் வாசலுக்கு யாரும் துணி கொண்டுவர மாட்டார்கள். அது எனக்கே தெரிந்தது. அம்மா சீட்டைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னாலிருந்த என்னையும் ஒருமுறை பார்த்தாள்.

“நான்தான்க்கா எழுதனேன். பத்தாவது பிரைவேட்டா எழுதலாம்னு படிக்கிறேன். இது பாடம்.”

“நீயா? இந்த வயசுலயா?” அத்தை சிரித்தேவிட்டார். “சரி, உள்ள வேற இன்னா இன்னா பாடம் வச்சித் தச்சிருக்கியோ, யாரு கண்டா?”

அம்மா இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அத்தையையும் பெண்ணையும் உட்கார வைத்தாள். ஜாக்கெட்டை வாங்கி, அரை பிளேடை எடுத்து, எல்லார் கண்ணெதிரிலும் பிரிக்க ஆரம்பித்தாள். அந்த வேகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. பட்டில் ஒரு இழை அறுபடாமல் நூல் மட்டும் வந்தது. கை, கழுத்துப் பட்டி, லைனிங் என்று பிரியப் பிரிய ஒவ்வொன்றையும் உதறி, பெண்ணின் மடியில் வைத்தாள். எதிலும் ஒன்றுமில்லை.

கடைசித் துண்டும் மடிக்கு வந்தபிறகு அந்தப் பெண் மெதுவாக வாய் திறந்தாள்.

“அக்கா, கை கொஞ்சம் பிடிக்குது. சொல்லப் பயமா இருந்திச்சி.”

அம்மா கையைக் கொஞ்சம் தளர்த்தித் தைத்தாள். மூன்று மணி பஸ்ஸுக்குள் முழு ஜாக்கெட்டும் தயார். கிளம்பும்போது அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கும் ரெண்டு தச்சிக் குடும்மா. ஆனா உன் பாடத்த மட்டும் நீயே வச்சிக்க.”

அவர்கள் போனதும் அம்மா தரையில் கிடந்த நூலைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். “தையல் பிரிக்கிறதுக்கு இங்கிலீஷ்ல இன்னா பாப்பா?”

அகராதியைப் புரட்டி, அன்ஸ்டிட்ச் என்றேன்.

“அதுலயும் அன்னா? உங்க மிஸ்ஸு ‘இல்ல’ன்னுதான சொன்னாங்க? தைக்காத துணி வேற, பிரிச்ச துணி வேற. பிரிச்சதுல ஊசி போன தடம் இருக்குமே.”

அகராதியை மறுபடி புரட்டினேன். அன்லாக், அன்டை, அன்பேக். பூட்டாததைத் திறக்க முடியாது, கட்டாததை அவிழ்க்க முடியாது. இந்தச் சொற்களுக்குள் யாரோ ஏற்கெனவே ஒரு வேலை செய்து முடித்திருக்கிறார்கள்! வெறும் ‘இல்லை’க்கு ஒரு நோட்டு, செய்ததைத் திரும்பப் பிரிப்பதற்கு இன்னொரு நோட்டு என்று அன்றே போட்டுவிட்டேன். மிஸ்ஸிடம் காட்டிப் பாராட்டும் வாங்கினேன். கண்டுபிடித்தது அம்மா என்று மட்டும் சொல்லவில்லை.

பத்தாவது எழுதப் போவதாக அம்மா சொன்னதை, என்னைக் காப்பாற்றச் சொன்ன கெட்டிக்காரத்தனமான பொய் என்றே இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம்தான், மெஷின் டிராயரிலிருந்து தனித்தேர்வர் விண்ணப்பத்தை எடுத்து என்முன் வைத்து, “தப்பில்லாம நிரப்பிக் குடு” என்றாள். ஒன்பதாவதோடு நின்றவள். அவளுக்கும் படிக்க ஆசை இருக்கும் என்பது ஆறாம் வகுப்புக்காரிக்குத் தோன்றவேயில்லை.

கணக்குக்குப் பயமில்லையாம், ஆங்கிலம்தான் உதைக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு ‘அன்’ மாதிரியே சொல்லுக்கு முன்னால் ஒட்டும் ‘டிஸ்’ஸில் ஆரம்பிக்கிறோம். அதிலும் இரண்டு ரகம் இருக்கும் என்று இப்போதே பந்தயம் கட்டுகிறாள்.