வாவிக்கரையில் மட்டும் ஒரு பெயர்

மல்வத்தை விகாரையைத் தாண்டியதும் வீரம்மா முன்னும் பின்னும் பார்க்கிறாள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. தள்ளுவண்டியின் மேல் குனிந்து, "அடேய் குப்பை! தூங்கிட்டியாடா குப்பை?" என்கிறாள். உள்ளே லேஸ் வைத்த தொப்பியோடு சாய்ந்திருக்கும் வெள்ளைக்காரக் குழந்தை, தன் பெயரைக் கேட்ட சந்தோஷத்தில் காலை உதைத்துச் சிரிக்கிறது.

கண்டி வாவியைச் சுற்றி மாலையில் காற்று வாங்குகிறவர்கள் இந்த ஆயாவைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மற்றவர்களுக்கு அது சுகமான நடை. ஏற்றமில்லை, இறக்கமில்லை, வழி நெடுக மாரா மரங்களின் நிழல். வீரம்மாவோ வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நடக்கிறாள். தண்ணீருக்கும் வண்டிக்கும் நடுவே எப்போதும் அவள் உடம்பு இருக்க வேண்டும். எதிரே பிரேதம் வந்தால் வண்டியை அப்படியே திருப்பிவிடுவாள். யாராவது "என்ன அழகு!" என்று எட்டிப் பார்த்தால் போதும், வண்டியின் கூரையைச் சடக்கென்று இழுத்து மூடிவிடுவாள். பார்த்தவர் முகம் சுருங்கிப் போவதைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது.

பயப்படக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருடம் பிறந்ததிலிருந்து ஊரெல்லாம் மலேரியாக் காய்ச்சல். கொயினா மருந்து வாங்க நிற்கும் கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த தாய், திரும்பும்போது வெறும் தோளோடு போனதை அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அதற்கு முன்பே அவளுக்குச் சாவு பழக்கம். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் மூன்று பெற்றாள், மூன்றும் நடக்கும் வயதைத் தாண்டவில்லை. "மூணுக்கும் ஆசை ஆசையா பேரு வச்சேங்க. ராசாத்தி, தங்கராசு, செல்லக்கண்ணு. எமனுக்கும் காது இருக்குல்ல? நல்ல பேரா கேட்டா அவனுக்கும் ஆசை வராதா? பக்கத்துக் காம்பராக்காரி தன் மவனுக்குக் குப்பன்னு வச்சா. அவன் இன்னைக்கு ஆளா வளந்து, தேயில வெட்டக் கவ்வாத்துக் கத்தி புடிக்கிறான்." இதைச் சொல்லும்போது அவள் அழுவதில்லை. பிழை தன்மேல்தான் என்று முடிவு கட்டிவிட்டவளுக்கு அழ என்ன இருக்கிறது?

வீரம்மா வேலை பார்க்கும் பங்களாவில் முன்பு இருந்த ஆயா, குழந்தை நெற்றியில் திருநீறு பூசினாள் என்று அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பப்பட்டவள். மை வைக்க முடியாது, கயிறு கட்ட முடியாது. குழந்தையின் தாயான துரைசாணி குளிப்பாட்டும்போது உள்ளங்கால்வரை பார்ப்பாள். ஆனால் பெயர் உடம்பில் ஒட்டாதல்லவா? பங்களா வாசலுக்குள் பீட்டர் பாபா, வாவிக்கரையில் குப்பை. இந்த ஏற்பாட்டை வீரம்மா யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை.

வாவிச் சுவரோரம் கச்சான் கடலை விற்கும் அலவத்துகொட ஊர்க்காரர் சாஹுல் ஹமீதுக்கு மட்டும் இது தெரியும். "புள்ளக்கி நல்ல பேரு ஒண்டு ஈக்கிதானே, தாயி. அதச் சொல்லிக் கூப்பிட்டா என்ன?" என்பார்.

"கூப்பிட்டுக் கூப்பிட்டு மூணு போச்சுங்க, நானா" என்பாள், அண்ணன் முறை வைத்து.

குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண்படாமலிருக்க மறக்காமல் "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டே பார்ப்பார். அவருக்கு மட்டும் வண்டியின் கூரை மூடப்படுவதில்லை.

எல்லாம் குழந்தைக்குப் பேச்சு வரும்வரைதான். போன வாரம் அது நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, தெளிவாக, "குப்பே" என்றது. வீரம்மா வண்டியை நிறுத்தி முன்னும் பின்னும் பார்த்தாள். துரைசாணி தோட்டத்தில் பிறந்து தமிழ் கேட்டு வளர்ந்தவள். குப்பை என்றால் என்னவென்று அறிய அவளுக்கு அகராதி தேவையில்லை. தினமும் காலையில் வாசல் கூட்டுகிறவனிடம் அவள் கத்துவதே அந்தச் சொல்தான்.

அன்றிலிருந்து நடை பள்ளிக்கூடம் ஆயிற்று. "பீட்டர் சொல்லு சாமி, பீட்டர்." "குப்பே." "வேல போனாக்கூடப் போவுது, ஒன்ன யாருடா பாத்துக்குவா? பீட்டர் சொல்லு." "குப்பே!" ஒரு சுற்றோடு முடிய வேண்டிய நடை இரண்டு சுற்றானது. பீட்டர் என்ற பெயரைத் தானே வாய்விட்டுச் சொல்லும் ஒவ்வொரு தடவையும், எமன் ஒட்டுக்கேட்கிறானோ என்று வீரம்மா மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை துரைசாணி வாசலிலேயே நின்றிருந்தாள். பொழுது சாய்ந்துவிட்டது. வாவிப் பக்கமிருந்து கொசு எழும்பத் தொடங்கியிருந்தது. தனக்குத் தெரிந்த தமிழைக் காட்ட ஆசைப்பட்டோ என்னவோ, குழந்தையின் மோவாயைத் தொட்டு, "பாபா பேர் என்ன?" என்று கேட்டாள்.

குழந்தை வீரம்மாவை ஒருமுறை பார்த்தது. பிறகு நெஞ்சில் கையை வைத்தது.

"பீட்டா."

துரைசாணி சந்தோஷத்தில் கூவிவிட்டாள். குழந்தையை வாரி எடுத்து, "பீட்டர்! பீட்டர்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிச் சொல்லி முத்தமிட்டாள். சமையற்காரனைக் கூப்பிட்டு அவன் முன்னும் சொல்ல வைத்தாள்.

வேலை தப்பியது. வீரம்மா மூச்சு விட்டிருக்கலாம். ஆனால் தெருவுக்கே கேட்ட பெயர் எமனுக்கும் கேட்டிருக்கும். செல்லக்கண்ணு என்று லயத்து வாசலில் நின்று அவள் கூப்பிட்டதும் இதே விளக்கு வைக்கிற நேரத்தில்தான்.

தாயின் தோளுக்குமேல் தெரிந்த சின்ன முகம் படியேறிப் போனது. வீரம்மா அதையே பார்த்துக்கொண்டு, சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைத்தாள்: குப்பை, குப்பை, குப்பை.