வளைவில் வரும் சத்தம்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்த அன்றைக்கு அம்மா அப்பாவுடன் பேசுவதை நிறுத்தினாள். எனக்கு அப்போது எட்டு வயது. மலைமேல் திருப்புலி நாடு என்ற பகுதியில் எங்களுக்குக் கொஞ்சம் மிளகும் மரவள்ளியும் இருந்தன. அப்பா அவற்றைப் பார்த்துக்கொண்டார். அம்மா சுகாதார நிலையத்தில் நர்ஸ்; தினமும் பஸ்ஸில் போய் வருவாள். மழைக்காலத்தில் அவள் நனைந்து வருவதைப் பார்க்கச் சகிக்காமல், அப்பா யாரிடமும் மூச்சுவிடாமல் சேலத்துக்குப் போய், ஏற்கெனவே இரண்டு கை மாறிய ஒரு சின்னக் காரை வாங்கி, மாலையும் எலுமிச்சம்பழமுமாக வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா சந்தோஷத்தில் கண்கலங்குவாள் என்று எதிர்பார்த்திருப்பார்.

அம்மா காரை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கண்ணு, உங்கப்பாகிட்டச் சொல்லு. ஊட்டுல ஒருத்தி இருக்கறாளே, அவகிட்ட ஒரு வார்த்தை கேப்போம்னு தோணாதவரோட வண்டியில நான் ஏறமாட்டேன்னு சொல்லு."

அப்பா இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். இருந்தாலும் ஒரு எழுத்து விடாமல் அவரிடம் சொன்னேன்.

மறுநாளும் அம்மா பஸ்ஸில்தான் போனாள். அப்பா காரை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனார். சாயங்காலம் அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கிக் குடை பிடித்து நடக்க, பின்னால் கார் வைப்பரை ஆட்டிக்கொண்டு நடைவேகத்தில் வந்தது. ஒரு மாதம் இப்படியே போயிற்று. பார்த்தவர்கள், நர்ஸம்மாவுக்கு மேலிடத்தில் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்களாம்.

நான் அந்தக் காரில் மகிழ்ச்சியாகவே இருந்தேன். தகரக் கொட்டகைக்குள் நின்றபோதும் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரிடம் ஒன்பது கோலிக்குண்டுகளை ஜெயித்தேன். எப்படி ஜெயித்தேன் என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. அவர்கள் அழுதுகொண்டே அம்மாவிடம் நியாயம் கேட்க வருவது காரிலிருந்தே தெரிந்தது. இடது பின்கதவில், கண்ணாடி இறங்கும் இடத்து ரப்பர் ஓரத்தில் கிழிந்து, என் கட்டைவிரல் நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. ஒன்பதையும் ஒவ்வொன்றாக எண்ணி அதில் போட்டேன். வெளியே இறங்கி வந்து, பாவாடையை உதறிக் காட்டி, "சாமி சத்தியமா எங்கிட்ட இல்லை" என்றேன். அது உண்மைதான். அம்மா பையன்களைத்தான் திட்டி அனுப்பினாள்.

அடுத்த முறை அப்பா காரை எடுத்தபோது, முதல் வளைவில் ஆரம்பித்தது. பிரேக் பிடித்ததும் கடகடவென்று எதுவோ முன்னால் ஓடியது. ஏற்றத்தில் கடகடவென்று பின்னால் ஓடி, டொக்கென்று நின்றது. எங்கள் மலையில் வளைவுக்குப் பஞ்சமில்லை. அப்பாவின் முகம் வெளிறிவிட்டது.

சோளக்காடு என்ற ஊரில் ரோட்டோரம் ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார். பெரும்பாலும் பைக்கும், பலாப்பழம் ஏற்றும் பிக்கப் வண்டியும்தான் அவரிடம் வரும். கார் வந்தால் சட்டை மாற்றிக்கொள்வார். அவர் அப்பாவோடு ஒரு சுற்றுப் போய்வந்தார்.

"ரோட்டைப் பாக்கறதா, சத்தத்தைப் பாக்கறதாங்க அண்ணா? ஒரு ஆள் பின்னால சும்மா உக்காந்து காது குடுத்துக் கேக்கோணும். சின்னக் காதா இருந்தா நல்லது" என்று சொல்லி என்னைப் பார்த்தார்.

அப்பாவும் என்னைப் பார்த்தார். "எங்கிருந்து வருதுன்னு நல்லாக் கேட்டுச் சொல்லு சாமி."

திருடனையே காவலுக்கு வைத்தார்கள். நான் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "முன்னால, வலப்பக்கம்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முன் வலது சக்கரம் கழன்றது. ஷாக் அப்சார்பர் தேய்ந்துபோயிருந்ததாம், மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. அடுத்த ஞாயிறு, "அடியில" என்றேன். அண்ணன் காருக்குக் கீழே படுத்து, துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்த சைலன்சரை இறக்கி, பற்றவைத்து மாட்டினார். சத்தம் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு, வேறு இடம் தோன்றாமல், "ஸ்டேரிங்குக்குள்ள" என்றேன். அதிலும் எதுவோ லூசாகத்தான் இருந்தது. நான் எந்த இடத்தைச் சொன்னாலும் அங்கே ஒரு கோளாறு இருந்ததால் என் காதின்மேல் மெக்கானிக் அண்ணனுக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

"வண்டி புதுசாயிருச்சுங்க அண்ணா. சத்தம் மட்டுந்தான் பழசு" என்றார் வருத்தத்துடன்.

ஒருமுறை அவரே பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வளைவு வரும்போதெல்லாம் எனக்குக் கடுமையான இருமல் வந்தது. அன்று வீட்டில் அம்மா எனக்கு இரண்டு மூடி மருந்து கொடுத்தாள். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு.

நான்காவது ஞாயிறு அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, "இனி இஞ்சினை இறக்கிப் பாத்தாத்தான் தெரியுங்க" என்றார். அப்பா அங்கே கிடந்த பழைய டயரின்மேல் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்காக வாங்கிய வண்டி. அம்மா ஏறவில்லை; இப்போது இஞ்சினும் போகப்போகிறது. அப்பாவின் கீழுதடு நடுங்குவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சாமி சத்தியம் ஞாபகத்துக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

மெக்கானிக் அண்ணன் நேராக எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் கெஞ்சினார். "அக்கா, வயித்துக்குள்ள இருக்கற புள்ளையோட துடிப்பையே கேக்கறவங்க நீங்க. ஒரே ஒரு தடவை வந்து கேட்டுப்போடுங்க. இஞ்சின்ல கை வெக்க எனக்கே மனசு வரல."

அம்மா உள்ளே போய் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவந்தாள். "கண்ணு, உங்கப்பாகிட்டச் சொல்லு. நோயாளியப் பாக்க வாரேன். வண்டியில போக வாரேன்னு நெனச்சுக்க வேண்டாம்."

அம்மா பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா ஓட்டினார். பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர்களைப் போல, "எப்படிங்க இருக்குது?" என்று மெக்கானிக் அண்ணன் முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிக் கேட்டார். "பேசாம வாங்க" என்றாள் அம்மா. முதல் வளைவில் காலடித் தகரத்தில் வைத்துக் கேட்டாள். இரண்டாவதில் சீட்டுக்கு அடியில். நான் இருமத் தொடங்கினேன். "மருந்து கைப்பையில இருக்குது" என்றாள். இருமல் நின்றுவிட்டது. மூன்றாவது வளைவில் என் குறுக்கே சாய்ந்து இடது கதவில் வைத்தாள். கடகடவென்று ஓடிற்று. அம்மா ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் கிழிந்த ரப்பரைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டது. அடி எங்கே விழும் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

சோளக்காட்டில் கதவின் உள்பலகையைக் கழற்றியதும் கோலிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒன்று ரோட்டைத் தாண்டி உருண்டு, அன்னாசிப்பழக் கூடைகளுக்கு நடுவே போய் நின்றது. மெக்கானிக் அண்ணன் ஓடிப்போய் அதை எடுத்துவந்தார்.

"யார் போட்டிருப்பா?" என்றார் அப்பா.

யாரும் எதுவும் சொல்வதற்குள் அம்மா சொன்னாள். "பழைய ஓனர் ஊட்டுப் புள்ளைங்களா இருக்கும். எங்கயாவது சிக்கிக் கெடந்துட்டு இப்ப உருண்டிருக்கும்."

இரண்டு மாதம் கழித்து அவள் அப்பாவிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அப்பா கோலிகளைப் பார்க்கவே இல்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்பதையும் என் கையில் கொட்டி, "போய்க் குடுத்துட்டு வா" என்றாள் அம்மா. அவ்வளவுதான். அடி விழவில்லை. பையன்கள் எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அம்மா சொன்னாள்: "ஏனுங்க, வண்டியில இன்னும் லேசா ஒரு சத்தம் இருக்கற மாதிரியே இருக்குதுங்க."

"அப்படியா?" அப்பா சட்டென்று எழுந்தார். "எந்தப் பக்கம்?"

"ஓட்டிப் பாத்தாத்தானே தெரியும்."

இரண்டு பேரும் போனார்கள். ஸ்டெதஸ்கோப் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பொழுது சாயும்போது பலாச்சுளைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்கள். "கெடச்சுதா?" என்று கேட்டேன். "இல்லை சாமி, இன்னொரு நாள் பாக்கோணும்" என்றார் அப்பா. சத்தம் அகப்படாதவரின் முகமாக அது இல்லை.

அடுத்த ஞாயிறும் போனார்கள். அதற்கடுத்த ஞாயிறும். நான் கொட்டகைக்குப் போய் நான்கு கதவுகளிலும் காதை வைத்துக் கேட்டேன், தட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அம்மாவின் காது கெட்டுப்போய்விட்டது. அந்தக் காதை நம்பி மலையில் எத்தனை பேர் வயிற்றைக் காட்டிக்கொண்டு படுக்கிறார்கள்! கடைசியில் அவளிடமே போய்ச் சொல்லிவிட்டேன். "அம்மா, நான் ஒம்பதுதான் போட்டேன். எண்ணித்தான் போட்டேன். வேற ஒண்ணுமே உள்ள இல்லை."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எனக்குத் தெரியும் கண்ணு. உங்கப்பாகிட்டப் போய்ச் சொல்லிப்போடாதே."

மறு ஞாயிறு அவர்கள் கிளம்பும்போது நானும் தலைவாரி, செருப்பு மாட்டிக்கொண்டு போய்க் காரருகே நின்றேன். பின்னால் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேண்டாமா என்றேன்.

"வேண்டாம்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

கார் வளைவில் திரும்பி மறையும்வரை வாசலிலேயே நின்றேன். எனக்கு அழுகையாக வந்தது. மூன்று வாரம் பொய்யான இடத்தைக் காட்டியதற்குத் தண்டனையாக, அந்த வேலையை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.