எதிர் நாற்காலிப் போன்

எங்கள் மேசையில் எப்போதும் இரண்டு போன்கள் எதிரெதிரே கிடக்கும். ஒன்று என் பக்கம் பார்த்தபடி, மற்றது எதிரே உட்கார்ந்திருக்கும் தோழியின் பக்கம் பார்த்தபடி. பள்ளி வேன் எந்தத் தெருவில் வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் செயலியை நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். ஆண்ட்ராய்டு போன்கள் என் பொறுப்பு, ஐபோன் அவள் பொறுப்பு. ஒரே திரையை இரண்டு பேர் உட்கார்ந்து இரண்டு முறை கட்டுவது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பெங்களூரில் எத்தனையோ பேர் இதை வைத்துத்தான் பிழைத்தோம்.

என் பாடு கொஞ்சம் திண்டாட்டம். ஒரு கம்பெனி போனில் திரை நீளமாக இருக்கும், பொத்தான் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இன்னொன்று பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று எங்கள் செயலியையே தூங்க வைத்துவிடும். வேன் வாசலுக்கு வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போன பிறகு, "வேன் வருகிறது" என்று செய்தி வரும். ஆனேக்கல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்து, தமிழில் பாதி, தெலுங்கில் பாதி திட்டினார். இரண்டும் எனக்குப் புரிந்தது.

"உன் போனுங்கள்லாம் கல்யாண வூட்டுக் கூட்டம்டி. ஒண்ண உக்கார வெச்சா இன்னொண்ணு எழுந்து போவுது" என்பாள் தோழி.

"உன்னுது ஒத்தப் புள்ள வூடு. செல்லம் ஜாஸ்தி" என்பேன் நான்.

அவள் இங்கே பெங்களூர் ஜீவனஹள்ளியிலேயே பிறந்து வளர்ந்தவள். நான் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து நீலசந்திராவில் வாடகைக்கு இருப்பவள். ஒரே வயது. அலுவலகத்தில் தமிழில் சண்டை போட எங்களுக்கு ஒருவரை விட்டால் ஒருவர் இல்லை.

புதிய பதிப்பு வெளியே போகும் நாளில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பிற்பகலில், பள்ளி விட்டு வேன்கள் ஓடும் நேரம் பார்த்து, அவரவர் போனில் "வேன் எங்கே" பொத்தான் மேல் விரலை வைத்துக்கொள்வோம். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவள் எண்ணுவாள். சேர்ந்து அழுத்துவோம். இரண்டு வரைபடத்திலும் மஞ்சள் வேன் ஒரே தெருமுனையைக் காட்டினால் சரி. எந்தப் போன் பிந்துகிறதோ அந்தப் போன்காரி டீ வாங்க வேண்டும். சோதிப்பதற்கு மென்பொருள் எல்லாம் இருந்தது. எங்களுக்குத்தான் அதன் மேல் நம்பிக்கை இல்லை.

சோதனைக்கு நாங்கள் வைத்திருந்தது அவளுடைய மகள் போகும் வேன். அந்தக் குழந்தை இரண்டாம் வகுப்பு. வேன் ஜீவனஹள்ளிக்குள் திரும்பி, சர்ச் தாண்டி, அவர்கள் தெருமுனையில் நிற்பதை அவள் அலுவலகத்திலிருந்தே பார்ப்பாள். "ஒரு நாளாச்சும் நான் போயி எறக்கி கூட்டினு வரணும்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். குழந்தையை இறக்கிக்கொள்வது பக்கத்து வீட்டுக்காரர்.

பிறகு மேனேஜர் எங்கள் இருவரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். இனி ஒரு முறை எழுதினால் போதும், அதுவே எல்லாப் போன்களிலும் ஓடும், அப்படியொரு முறைக்கு மாறுகிறோம் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து மாற்றி எழுதுங்கள், உங்களைவிட இதை அறிந்தவர் யார் என்று பாராட்டவும் செய்தார். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு வந்தோம்.

சாப்பிடும்போது அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"முடிஞ்சதும் ஒருத்தி போதும். புரிஞ்சுதுல்ல?"

"புரிஞ்சுது."

"யாரு?"

"தெரியலடி."

"எனக்கும் கொத்தில்ல" என்று பாதிக் கன்னடத்தில் சொல்லிவிட்டு, என் டப்பாவிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மாதக்கணக்கில் எழுதினோம். நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரே கணினி முன் உட்கார்ந்தோம். ஐபோனில் விரல் எங்கிருந்து இழுத்தால் திரை பின்னால் போகும் என்று அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். எந்தப் போன் எங்கே மக்கர் பண்ணும் என்று நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். இருவரில் ஒருத்தி வெளியே போக நாங்களே கதவு செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரியும். நன்றாகத்தான் செய்தோம். மட்டமாகச் செய்ய இருவருக்கும் வராது. பயமாவது வந்திருக்க வேண்டும், எனக்கு அதுவும் வரவில்லை. காலையில் பஸ் ஏறினேன், சாயங்காலம் இறங்கினேன்.

போனது அவள். செயலியைப் பயன்படுத்தும் பெற்றோர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்ட்ராய்டு வைத்திருக்கிறார்கள், அதனால் நீ இரு என்று மேனேஜர் என்னிடம் சொன்னார். சரி என்றேன். அவளும் கண்ணாடி அறையிலிருந்து வந்து சரி என்றுதான் சொன்னாள். அவளுடைய போன் சார்ஜரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். அலுவலகத்து ஐபோனைத் துடைத்து என் பக்கம் தள்ளினாள்.

"இனிமே ரெண்டும் உன் கொழந்தைங்க. பாத்துக்க."

கட்டிப்பிடித்தாள். நானும் பிடித்தேன். அழுகை வரவில்லை. லிஃப்ட் கதவு மூடியதும் இருக்கைக்கு வந்து, பாதியில் விட்ட வரியிலிருந்து எழுதத் தொடங்கினேன். அன்று மட்டுமல்ல, பல நாள் அப்படியே போயிற்று. மனசு மரத்துப் போயிருந்தது. சோற்றில் உப்பு இல்லை என்பதைக்கூட வீட்டில் மற்றவர் சொல்லித்தான் கவனித்தேன்.

புதிய முறையில் எழுதிய செயலி வெளியே போகும் நாள் வந்தது. பிற்பகல். போன்களை மேசையில் வைத்தேன். பொத்தான் மேல் விரல் வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நானே எண்ணி அழுத்தினேன். என் வரைபடத்தில் வேன் வந்தது. ஐபோன் முதல் திரையிலேயே நின்றது. பிந்துகிறது, டீ அவள் கணக்கு என்று நினைத்தபடி காத்திருந்தேன்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். அப்போதுதான் பார்த்தேன். ஐபோனை எதிர் நாற்காலியைப் பார்த்தபடி வைத்திருக்கிறேன். அதன் பொத்தானை யாரும் அழுத்தவில்லை.

"நெட்வொர்க் ஸ்லோ" என்றேன்.

எழுந்து சுற்றிப் போய், அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுத்தினேன். மஞ்சள் வேன் உடனே வந்தது. சோதனைக்கு வைத்திருந்த வேனை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ஜீவனஹள்ளிக்குள் திரும்பியது. சர்ச் தாண்டியது. தெருமுனையில் நின்றது. இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் ஒலித்தன: "உங்கள் குழந்தை இறங்கிவிட்டது."

இன்று இறக்கிக்கொள்ள அவள்தான் நின்றிருப்பாள். ஆசைப்பட்டது நடந்துவிட்டது. வேன் அந்தத் தெருமுனையை விட்டு நகரும் வரை அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்தேன்.

சரியாக வேலை செய்கிறதா என்று பக்கத்து மேசைக்காரர் மறுபடியும் கேட்டார்.

"செய்யுது" என்றேன். "ரெண்டும் ஒண்ணாதான் வருது."