ஜட்கா ஸ்டாண்டு விலகப் பார்த்த கதை

எங்கள் தெரு ராமதாஸ் ஜட்கா ஓட்டினவர். கோபக்காரர், ஆனால் நியாயஸ்தர். திருவண்ணாமலையில் கோபுரத் தெரு, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் என்று மூன்று ஜட்கா ஸ்டாண்டுகள்; அவருடையது கோபுரத் தெரு ஸ்டாண்டு. மூன்றுக்கும் ஓயாத அடிதடி. எழுபதுகளில் அவர்தான் அலையாய் அலைந்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு பஞ்சாயத்தை உண்டாக்கினார். பஞ்சாயத்து எப்போதும் அடிபட்டவன் ஸ்டாண்டில்தான் கூடும். அதற்குக் கட்டுப்பட்ட ஸ்டாண்டுக்காரர்கள் மட்டும், காலி வண்டியோடு திரும்பும்போது மற்ற ஸ்டாண்டில் சவாரி ஏற்றலாம். பல வருஷம் ஒழுங்காக நடந்தது. மாட்டுகிறவன் அடுத்தவனாக இருக்கும்வரை எந்தப் பஞ்சாயத்தும் இனிக்கத்தானே செய்யும்!

எண்பத்தைந்தில், தீபத்துக்கு முந்தின மாசம், அவருடைய தம்பி காசியே மாட்டிக்கொண்டான். சவாரித் தகராறில் ஸ்டேஷன் ஸ்டாண்டு ஆதிமூலத்தின் குதிரைமேல் சாட்டையை வீசிவிட்டான். குதிரையின் கண் வீங்கி மூடிக்கொண்டது. ஸ்டேஷன் ஸ்டாண்டுக்காரர்கள் காசியைப் பஞ்சாயத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். இனி லகானைத் தொடவே கூடாது என்று தீர்ப்பு வந்தால் அவன் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். ராமதாஸுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து டீக்கடை ரேடியோவில் ஒரு செய்தி. தன்மேல் நிகரகுவா தொடுத்த வழக்கால் கோபித்துக்கொண்ட அமெரிக்கா, உலக நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்திலிருந்து விலகுகிறதாம். கோபுரத் தெரு ஸ்டாண்டு துள்ளிக் குதித்தது.

"அமெரிக்காக்காரனே கட்டுப்பட மாட்டேன்றான். நாம மட்டும் ஏன் போவணும்? நம்ம ஆள நாமளே விசாரிச்சுக்கலாம். விலகிடலாம்ணா!"

ஜட்காக்காரர்கள் வெளியுறவுக் கொள்கை வகுத்த ஊர் எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். ராமதாஸுக்கும் சபலம் தட்டியது. வீட்டில் போய்ச் சொன்னார். அவர் மனைவி தங்கம்மாள் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அமெரிக்காவுக்கு அடுத்தவங்க ஸ்டாண்டுல சவாரி ஏத்தணும்னு தலையெழுத்தா? உங்களுக்கு இருக்குதே! நாளைக்கு அவங்க ஆளு உங்க குதிரைய அடிச்சா, எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போய்க் கேப்பீங்க?"

மறுநாள் காசியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டாண்டுக்குப் போனார். காசி தன் அண்ணனின் முகத்தையே பார்க்கவில்லை. தப்புச் செய்தவன் அடிபட்டவர் பக்கத்தில் நின்று தன் வாயால் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். காசியைக் குதிரையின் பக்கத்தில் நிறுத்தினார்கள். வீங்கிய கண்ணைக் கிட்டத்தில் பார்த்ததும் அவன் வீராப்பெல்லாம் போய்விட்டது.

"நான்தாங்க அடிச்சேன். உங்கள அடிக்க ஓங்கினது, பாவம் இதுமேல பட்டுடுச்சி" என்று அழுதான்.

என்ன தீர்ப்பு சொல்லலாம் என்று பஞ்சாயத்தார் ஆதிமூலத்தையே கேட்டார்கள்.

"கண்ணு போவாதுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. ஆறுற வரைக்கும் இவன் குதிரை என் வண்டிய இழுக்கட்டும். அவ்ளோதான்" என்றார்.

ராமதாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தீபத்துக்கு முன்பே கண் ஆறிவிட்டது. தன் குதிரையை ஆதிமூலத்திடமிருந்து திரும்ப ஓட்டிக்கொண்டு வந்த அன்றுதான் காசி தன் அண்ணனிடம் வாய் திறந்தான்.

"நம்ம ஸ்டாண்டுலயே விசாரிச்சிருந்தா நம்ம ஆளுங்க மன்னிச்சிருப்பாங்கண்ணே. ஆதிமூலம் மன்னிச்சிருக்க மாட்டாரு."

தீபத்தன்று ஸ்டேஷனில் தனக்கு வந்த முதல் சவாரியை ஆதிமூலம் காசிக்கு விட்டுக்கொடுத்தார்.