பாதிக் காயத்துக்குப் பச்சிலை

வேட்டியில் இருந்த ஈரத்தைத்தான் முதலில் கவனித்தேன். காலையில் எழுந்து வாக்கரை (நான்கு கால் கொண்ட நடைச்சட்டம்) பிடித்து நின்றபோது, வலது இடுப்புக்குக் கீழே துணி தோலோடு ஒட்டியிருந்தது. விலக்கிப் பார்த்தேன். மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு கறை. முகர்ந்தும் பார்த்தேன். கனிந்து அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை. பயம் பிறகுதான் வந்தது. இது என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசை அதற்கு முன்பே வந்துவிட்டது.

அந்த ஆசையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு வீட்டில் படுத்திருப்பவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் இதைப் படித்தால் நல்லது.

எனக்கு எழுபத்தொரு வயது. அரியலூர்ப் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஊர் குன்னத்துக்கு அருகில். மனைவி இல்லை. மகன் சிங்கப்பூரில். மருமகள் வளர்மதிதான் நிலத்தையும் என்னையும் பார்த்துக்கொள்கிறாள். கொல்லையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையில் உடைந்த பகுதியை எடுத்துவிட்டு உலோக மூட்டு பொருத்தினார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. காயத்தைப் பிடித்திருந்த பின்களை எடுத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வளர்மதி கட்டு மாற்றினாள். காயம் காய்ந்துகொண்டிருந்தது. கீழ் நுனியில் மட்டும் அரிசி அளவுக்கு ஒரு இடம் மூடாமல் இருந்தது.

எங்கள் கொல்லை மதிலின் விரிசலில் வெட்டுக்காயப் பூண்டுச் செடி முளைத்திருந்தது. எங்கள் பக்கம் சோளத்தட்டை அறுக்கும்போது அரிவாள் பட்டால் எல்லோரும் அதைத்தான் கசக்கிப் பிழிவார்கள். ரத்தம் நிற்கும். நானும் சிறு வயதில் பிழிந்திருக்கிறேன். வகுப்பில் அதன் பூவைப் பிரித்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் அது உண்மையில் காயத்தை ஆற்றுகிறதா என்று ஒருபோதும் சோதித்துப் பார்த்ததில்லை. இப்போது என் தொடையில் நீளமான, நேரான, ஒரே நாளில் வெட்டப்பட்ட ஒரு காயம் இருந்தது. அதைவிட நல்ல சோதனைக்களம் எந்த ஆசிரியருக்குக் கிடைக்கும்?

காலையில் கட்டு மாற்றிவிட்டு வளர்மதி வெங்காய அறுவடைக்குப் போயிருந்த நேரத்தில், குனியாமலே கைக்கு எட்டிய நான்கு இலைகளைப் பறித்தேன். குழாய்த் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் கசக்கினேன். கட்டின் கீழ் ஓரத்தைப் பிரித்து, கீழ்ப் பாதிக் காயத்தில் மட்டும் சாற்றை விட்டேன். மேல் பாதியை ஒப்பீட்டுக்காக அப்படியே விட்டுவைத்தேன். பிளாஸ்திரியை மறுபடி ஒட்டினேன். இரண்டு நாள் இப்படிச் செய்தேன். மூன்றாம் நாள் காலையில்தான் அந்த ஈரம்.

குற்றம் அந்தச் செடியின் மேல் இல்லை. அரிவாள் வெட்டுக்குக் கீழே சதையும் எலும்பும் உண்டு; அவற்றுக்கு ரத்த ஓட்டம் உண்டு. என் காயத்துக்குக் கீழே இருந்தது உலோகம். உலோகத்துக்கு ரத்தம் போகாது. அங்கே போய்ச் சேரும் கிருமியை எதிர்க்க ஆள் இல்லை. இது எனக்குத் தெரியாத பாடம் அல்ல. தொடை என்னுடையதாக இருந்ததால் பாடம் மறந்துபோயிற்று.

அன்றே மருத்துவமனைக்குப் போனோம். செந்துறையிலிருந்து என் அக்காவும் செய்தி கேட்டு வந்துவிட்டாள். டாக்டர் இளம் வயதுக்காரர். காயத்தைச் சுற்றி அழுத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சார், காயத்துல ஏதாச்சும் போட்டீங்களா? எண்ணெய், மஞ்சள், பச்சிலை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"இல்லீங்க," என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. தாவரவியல் வாத்தியார் சுவரோரத்துச் செடியைப் பிடுங்கி ஆபரேஷன் காயத்தில் பிழிந்தார் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் எழுதுவதற்கு எளிதாக இருந்திருக்கும்.

மூட்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்து கல்ச்சர் பரிசோதனைக்கு (எடுத்த நீரில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்ப்பது) அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அறையில் படுத்திருந்தேன். காய்ச்சல் ஏறி இறங்கியது. முடிவு வந்த அன்று டாக்டர் கட்டிலருகே நின்றார்.

"மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்குற கிருமி சார். மூட்டுக்குள்ளயும் போயிருக்கு. வூட்டுல யாராச்சும் மண்ணு வேலை பாக்குறாங்களா?"

அக்கா காத்திருந்தவள் போலச் சொன்னாள். "இவதாங்க டாக்டரு கட்டு மாத்துறா. காட்டுல வெங்காயம் புடுங்குன கையி. சோப்பு போட்டாளோ என்னவோ."

"டெட்டால் போட்டுக் கழுவிட்டுத்தான் பெரியம்மா தொடுவேன்," என்றாள் வளர்மதி. "நான் பாத்த வரைக்கும் காயம் காஞ்சுதான் சார் இருந்துச்சு. சீழே இல்ல."

"ரெண்டே நாள்ல ஒரு கொடம் சீழு வானத்துலேருந்து வுழுந்துச்சாடி?" என்றாள் அக்கா.

வளர்மதி என்னைப் பார்த்தாள். நான் சாட்சி சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

டாக்டர் யாரையும் குறை சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது வேறு. உலோகத்தில் ஒட்டிய கிருமிகள் நாளாக ஆகத் தங்களைச் சுற்றி ஒரு வழவழப்பான படலம் கட்டிக்கொள்ளும் என்றார். அதற்குள் மருந்து சரியாகப் போகாது. கிருமி புகுந்து சில நாட்கள்தான் ஆகிறது என்றால், காயத்தைத் திறந்து கழுவி, மூட்டின் பந்தையும் உட்கிண்ணத்தையும் மட்டும் மாற்றிவிட்டு உலோகத்தைக் காப்பாற்றிப் பார்க்கலாம். அறுவையின்போதே புகுந்து உள்ளேயே வளர்ந்திருந்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டிவரும். பிறகு சில மாதங்கள் மூட்டு இல்லாத கால். அதன்பின் இன்னொரு அறுவை. என் வயதுக்கு அது கடினம்.

"இவங்க சொல்றத வெச்சுப் பாத்தா புதுசு," என்று வளர்மதியைக் காட்டினார். "ஆனா இவ்வளவு வேகமா உள்ள போக ஒரு காரணம் வேணும். அது இல்லாததால பழசுன்னுதான் நெனைக்க வேண்டியிருக்கு. நாளைக்குள்ள முடிவு பண்ணணும்."

என் இடுப்பில் இருக்கும் உலோகம், வளர்மதியின் வார்த்தையை ஒருவர் நம்புவதைப் பொறுத்திருந்தது. அந்தக் காரணத்தை நான் ஒருவன்தான் வைத்திருந்தேன்.

மாலைச் சுற்றில் டாக்டர் வந்தபோது அக்காவும் வளர்மதியும் வெளியே இருந்தார்கள். சொல்லிவிட்டேன். எந்தச் செடி, எத்தனை முறை, எந்தப் பாதி என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கேஸ் தாளில் எழுதிக்கொண்டார். "மேல் பாதியில ஏன் சார் போடல?"

"ஒப்பீட்டுக்கு."

அவர் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மொத நாளே சொல்லியிருந்தா இந்நேரம் கழுவியிருப்போம் சார்," என்றார்.

மறுநாள் கழுவினார்கள். திறந்து பார்த்தபோது மேல் பாதிக்கு அடியிலும் சீழ் இருந்ததாம். கோடு போட்டுப் பிரித்தவன் நான். உடலுக்கு அந்தக் கோடு தெரியவில்லை. உலோகத் தண்டு எலும்பில் உறுதியாக இருந்ததால் விட்டுவைத்தார்கள். கழற்றிய பந்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். பளபளவென்று இருந்தது. கிருமி இருந்த அடையாளமே கண்ணுக்குத் தெரியவில்லை. அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நர்ஸ் பிறகு சொல்லிச் சிரித்தார்.

ஆன்டிபயாட்டிக் (கிருமிக்கொல்லி மருந்து) பல வாரங்கள் ஏறியது. முதலில் நரம்பு வழியாக, பிறகு மாத்திரையாக. வாய் கசந்தது. சோறு ஈயத்தைத் தின்பது போல் இருந்தது.

அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். எனக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால்கூட வளர்மதி கையைக் கழுவிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் என் பக்கம் திருப்பிக் காட்டினாள். காட்டுவாள், பிறகு தம்ளரை எடுப்பாள்.

"வேண்டாம்மா. என்ன நடந்துச்சுன்னு டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன்," என்றேன்.

"நர்ஸக்கா சொன்னாங்க மாமா. டாக்டர்கிட்டச் சொன்னீங்க, கால் பொழச்சிடுச்சு. பெரியம்மாகிட்டச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னது காலுக்காக. அது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கா அதற்குள் செந்துறைக்குத் திரும்பி, உறவு முழுக்க வெங்காயக் கையின் கதையைச் சொல்லி முடித்திருந்தாள்.

போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன்.

"என்னடா சொல்ற? நீயா பிழிஞ்ச?" அக்காவின் குரல் உயர்ந்தது. "அறிவு கெட்டவனே, அம்பது புள்ளைங்களுக்குப் பாடம் நடத்துன வாயி ஒரு டாக்டருகிட்ட தொறக்கலியா? நான் பாட்டுக்கு அந்தப் பொண்ணு பேர ஊரு பூரா இழுத்து வெச்சிருக்கனே! என்னையுமில்ல பாவியாக்கிட்ட! போன அவகிட்டக் குடு."

வளர்மதி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனாள். அக்கா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. "சரிங்க பெரியம்மா. மாத்திரை போட்டீங்களா?" என்று வளர்மதி கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

இதைப் படிப்பவர்களுக்கு: பின்களை எடுத்த பிறகு காயத்தில் ஈரம் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கட்டைப் பிரித்துப் பார்க்கும் ஆசை வரும், பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டால், பிரித்தேன் என்று சொல்லிவிடுங்கள். சொல்லும்போது, நீங்கள் சொல்லாததால் யார் தலையில் பழி விழுந்ததோ அவர்களும் அந்த அறையில் இருக்கட்டும்.

போன வாரம் பரிசோதனைக்குப் போனோம். ரத்தத்தில் அழற்சி அளவு (உடல் எங்கோ போராடுகிறது என்பதன் அடையாளம்) இறங்கியிருந்தது.

"போயிடுச்சுங்களா?" என்று கேட்டேன்.

"போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன் சார். இன்னிக்கு இல்ல. அவ்வளவுதான் சொல்ல முடியும். மூணு மாசம் கழிச்சு வாங்க."

வாத்தியாராக இருந்த நாள் முழுவதும் என் வருடம் ஜூனில் பள்ளி திறக்கும்போது தொடங்கி ஏப்ரலில் முடிந்தது. இப்போது ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்ததுவரை ஒரு வருடம் என்று ஆகிவிட்டது. தழும்பைச் சுற்றிய தோலில் உணர்ச்சி இல்லை. தொட்டால் விரலுக்குத் தெரிகிறது, தொடைக்குத் தெரிவதில்லை. அடுத்தவர் காலைத் தொடுவது போல, கொஞ்சம் மரியாதையோடுதான் தொடுகிறேன்.

குன்னம் பஸ்ஸில் திரும்பி வரும்போது வளர்மதியிடம் கேட்டேன். "இன்னும் கோவமாம்மா?"

"இருக்கு மாமா," என்றாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்தாள். "இருந்துட்டுப் போவுது. அது பாட்டுக்குக் கொறையும்."

எங்கள் நிறுத்தத்தில் முதலில் அவள் இறங்கினாள். நான் கம்பியைப் பிடித்து, ஆபரேஷன் காலை முதலில் தரையில் வைத்து இறங்கினேன். நிமிர்ந்தபோது அவள் பையோடு பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். என் காலை நம்பியதால் நிற்கவில்லையா, அந்தக் கோபத்தால் நிற்கவில்லையா என்று தெரியவில்லை. கூப்பிட்டுக் கேட்கவில்லை. பின்னாலேயே நடந்தேன்.