குடிக்காமல் கீழே வைத்த காப்பி

பித்தளை உரலில் பித்தளை உலக்கை விழுகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களோ இல்லையோ, நான் ஒரு புரட்டாசியில் தினமும் கேட்டேன். நடுவில் மூன்று இடி, ஓரத்தில் ஒரு தட்டு, ‘டங் டங் டங் டிணுங்’ என்று அது சாரல் மழைக்குள்ளிருந்து வரும்போது, வறுத்த காப்பிக்கொட்டையும் ஏலக்காயும் கலந்த வாசனை பின்னாலேயே வந்து எங்கள் வீட்டு ஈர விறகுப் புகையோடு மோதி நிற்கும். ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் நாற்பது வீட்டு ஊர். நாற்பது வீட்டு நாயும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கும்.

எழுபதுகளின் கடைசி, எனக்குப் பத்து வயது. சத்தம் வந்தது பக்கத்து வீட்டிலிருந்து. என் பெரியப்பா எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டதால் பூட்டிக் கிடந்த ஓட்டு வீடு அது. அதில் வந்து தங்கியிருந்தவர், கடல் கடந்து ராஸ் அல் கைமா என்கிற அரபு ஊரிலிருந்து வந்த பெரியவர். காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணோடு வேலூருக்கு வைத்தியத்துக்கு வந்தவர், ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகத் தூரத்தில் கறுத்து நின்ற மலையைப் பார்த்து, மழை அங்கிருந்துதானே வருகிறது, என்னை அங்கே கொண்டு போ என்று அடம்பிடித்தாராம். அவர்கள் நாட்டில் மழை என்றால் வீட்டுக்குள் ஓடுகிற சங்கதி இல்லை. எங்கே பெய்கிறதோ அங்கே பாயும் பாத்திரமும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிப் போய் உட்கார்ந்து பார்ப்பார்களாம். இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னவர் கபூர் பாய். வாணியம்பாடிக்காரர். அந்தப் பெரியவர் வீட்டில் பதினைந்து வருஷமாக வேலை. பாயின் அண்ணன் போளூர் சந்தையில் எங்கள் புளியை வாங்குகிறவர், அந்தப் பழக்கத்தில்தான் வீடு கிடைத்தது.

முதலில் ஊர்க்காரர்கள், காவலூர் பக்கம் நட்சத்திரம் பார்க்கிற ஆபீசுக்கு வந்த யாரோ பெரிய அதிகாரி என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள். ஜீப்பிலிருந்து அவர் இறங்கியபோது கையில் ஊன்றிய கழியின் நுனியில் சின்னதாக ஒரு கோடாலித் தலை இருந்ததைப் பார்த்ததும்தான் பேச்சு மாறியது. அவர் ஊரும் மலைதான். அந்த மலை ஆண்கள் எங்கே போனாலும் அந்தக் குட்டிக் கோடாலியோடுதான் போவார்களாம். கல்லை அடுக்கிப் படிப்படியாகக் கொல்லை கட்டி, மழையை நம்பிக் கோதுமை விதைத்து, ஆடு மேய்த்து வளர்ந்தவராம் அவரும். எங்கள் அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: “அரபுக்காரருன்னு பாத்தா, நம்பள மாதிரி மலைக்காரரு. சட்டைதான் நீளம்.” அன்றிலிருந்து அவருக்கு ஊர் வைத்த பெயர் ‘மழைக்காரரு’.

உரல் சத்தத்துக்கும் அர்த்தம் இருந்தது. இடிக்கிற சத்தமே அக்கம்பக்கத்துக்கு அழைப்பாம், தனியாக ஆள் அனுப்பிக் கூப்பிடமாட்டார்களாம். மூன்று நாள் இடித்தும் ஒருவரும் வராததால் மழைக்காரர் முகம் வாடிப்போய்விட்டதென்று பாய் வந்து சொன்ன பிறகு, எங்கள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். போனவருக்கு முதலில் பேரீச்சம்பழம். அப்புறம் பிடி இல்லாத சின்னக் கிண்ணம், அதில் கால் பாகத்துக்கு மட்டும் பாலும் சர்க்கரையும் இல்லாத வெளிர் மஞ்சள் காப்பி. பாய் நின்றபடி இடது கையால் மூக்குக் கூஜாவைச் சாய்த்து, வலது கையால் கிண்ணத்தை நீட்டுவார். குடித்துவிட்டுக் கிண்ணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். போதும் என்றால் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். அப்பாவுக்கு அது தெரியாது. கொடுக்கிறதை வேண்டாம் என்று சொல்வது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. போதும் என்று விருந்தாளியிடம் சொல்வது அவர்கள் ஊரில் மரியாதை இல்லை. இரண்டு மரியாதையும் எதிரெதிரே உட்கார்ந்ததில் அப்பா பதினோரு கிண்ணம் குடித்துவிட்டு வந்து, அன்றைக்குச் சாமைக் கொல்லையில் இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்து முடித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மழைக்கு ஒதுங்கிய வேற்றூர் ஆள் ஒருவன் அந்த வீட்டில் நுழைந்தான். வந்தவனிடம் மூன்று நாளைக்கு நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்கக்கூடாது, சோறு போட்டு இடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இவர் கேட்கவில்லை. பெரிய மனிதர் கேட்காமல் நாமாக வாயைத் திறப்பதா என்று அவனும் சொல்லவில்லை. நாலாம் நாள் காலையில் கேட்டபோதுதான், காணாமல் போன தன் பசுவைத் தேடி வந்தவன் என்று தெரிந்தது. பசு முதல் நாளிலிருந்தே எங்கள் ஊர்ப் பட்டியில் கட்டிக் கிடந்தது. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆனால் அதற்கப்புறம் எங்கள் ஊர்ப் பெண்கள் அந்த வீட்டைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். கேள்வி கேட்காமல் சோறு போடுகிற வீடு என்றால் சும்மாவா?

எங்கள் அம்மாவிடம் அவர் நேருக்கு நேர் பார்த்துப் பேசியதே இல்லை. பார்வை தரையில் இருக்கும். பெயரையும் கேட்டதில்லை. மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவன் தாய் என்று அழைப்பதுதான் அவர்கள் முறையாம். அரபியில் ‘உம்’ என்றால் தாய். என் அண்ணன் பெயர் கோவிந்தன், அதனால் அம்மா ‘உம் கோவிந்தன்’ ஆனாள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “நம்ம ஊர்லயும் என்ன கோவிந்தன் அம்மான்னுதான கூப்புடறாங்க, இதுக்கு இன்னாத்துக்குக் கப்பல் ஏறணும்” என்பாள்.

இவ்வளவு சிரிப்புக்கும் அடியில் ஒரு பயம் ஓடிக்கொண்டிருந்தது. வேலூரில் டாக்டர்கள், முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். இவர் மாட்டேன் என்றுவிட்டார். மலை ஏறின காலோடுதான் மண்ணுக்குள் போவேன் என்பது அவர் பேச்சு. மழையைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போய்ப் படுத்துக்கொள்வதாகத் திட்டம். மகன்கள் தந்தி மேல் தந்தி அடித்தார்கள், அசையவில்லை. நாளுக்கு நாள் கட்டுத்துணியின் நாற்றம் ஏலக்காய் வாசனையைத் தாண்டி எங்கள் வீடு வரை வர ஆரம்பித்தது. கபூர் பாய் எங்கள் வேலியோரம் வந்து நின்று அம்மாவிடம் புலம்புவார். புலம்பிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் மறுபடியும் காப்பி இடிப்பார்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. பெருமாளுக்கு விரதம். பொழுது சாய்ந்து தளிகை போட்டுக் ‘கோவிந்தா’ சொல்கிற வரை அம்மா பல்லில் தண்ணீர் படவிடமாட்டாள். முந்தின நாள் மழைக்காரர் பேரீச்சம்பழம் போட்டு அனுப்பிய கிண்ணி வீட்டில் இருந்தது. அதை வெறுமனே திருப்பக்கூடாது என்று தேன் ஊற்றி எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா போனாள். கொடுத்துவிட்டுத் திரும்புவதுதான் எண்ணம். ஆனால் அந்த வீட்டில் வந்தவரை நிற்கவிடமாட்டார்கள். பாயில் உட்கார வைத்தார்கள், காப்பி வந்தது. நீட்டின கையைத் தட்டக்கூடாதே என்று அம்மா வாங்கிக்கொண்டாள். வாங்கினதைக் குடிக்க முடியாதே என்று தனக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

பெரியவரின் விரல்கள் உருட்டிக்கொண்டிருந்த தஸ்பீஹ் ஜெபமணியில் அப்படியே நின்றுவிட்டன. அவர் தரையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். கபூர் பாயைப் பார்த்தார். மெதுவாக ஏதோ கேட்டார்.

அம்மா பாயிடம், “விரதம் பாய்” என்றாள்.

பாய் கூஜாவை மார்போடு அணைத்துக்கொண்டு அரபியில் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் குரல் உடைந்தது. பெரியவர் கட்டுப் போட்ட காலையும், வாசலுக்கு வெளியே மழையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அம்மா பக்கம் கையைக் காட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“குடிங்கன்னு சொல்றாரு” என்றார் பாய். “அக்கா, உங்க கால்ல வுழறேன், குடிச்சிடுங்க.”

“இன்னா பாய் இது. விரதம்னு சொன்னனே. அவராண்ட சொன்னியா இல்லியா?”

“சொல்லல.”

“அப்ப அவ்ளோ நேரம் இன்னாத்தப் பேசின?”

பாய் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர்கள் வழக்கத்தில் வந்தவர் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால், பெரிய வேண்டுதல் ஒன்றோடு வந்திருக்கிறார் என்று அர்த்தம். வீட்டுக்காரர் என்ன வேண்டும் என்று கேட்பார். தருகிறேன் என்றால்தான் ‘குடி’ என்பார். கிண்ணம் ஆறிப்போய் அப்படியே கிடந்தால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் இல்லை. அம்மா கிண்ணத்தை வைத்ததைப் பார்த்து அவர் வேண்டுதல் என்ன என்று கேட்டிருக்கிறார். பாய்க்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, காலை எடுக்க நீங்கள் சம்மதிக்க வேண்டும், அதைக் கேட்கத்தான் உம் கோவிந்தன் வந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார்.

“இப்ப நீங்க குடிக்கலன்னா, அவரு குடுத்த வார்த்த குடுக்காததாப் பூடும்.”

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “என் வாய்ல பொய்ய வெச்சிட்டியே பாய். பதினஞ்சு வருசம் கூட இருந்தவன், நீ கேக்கக் கூடாதா?”

“ஊத்தறவன் எப்டிக்கா கேக்க முடியும்? கேக்கறவன் எதிர்ல ஒக்காந்துக்கினு இருக்கணும். நான் நிக்கறவன்.”

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல், பார்வையைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தார். விருந்தாளியை அவசரப்படுத்தக்கூடாதல்லவா? அம்மா அந்தக் காலைப் பார்த்தாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, முந்தானையால் ஒருதரம் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அப்புறம் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, பெருமாள் இருக்கிற திக்கைப் பார்த்து, “நீயும் பாத்துக்கினுதான இருந்த” என்று முணுமுணுத்துவிட்டு, ஒரே மடக்கில் குடித்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், மழைக்காரர் வீட்டில் காப்பி குடித்து விரதம் கெட்டுப்போச்சு என்றாள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எத்தினி கிண்ணம்?” என்று கேட்டார். அவருக்கு அவர் கவலை.

மறுநாள் காலையில் ஜீப் வந்துவிட்டது. கிளம்பும் முன் பெரியவர் எங்கள் வீட்டு வாசலில் கோடாலிக் கழியை ஊன்றி நின்று, ஒரு கையை உயர்த்தி, தொண்டையிலிருந்து குரைக்கிறது மாதிரி விட்டுவிட்டு ஒரு கூவல் கூவினார். கரடி புகுந்துவிட்டதென்று தடியோடு ஓடி வந்தார்கள் ஊர்க்காரர்கள். சோறு போட்டு மதித்த வீட்டைப் பெருமைப்படுத்தி அவர்கள் மலையில் அப்படித்தான் கூவுவார்களாம். பத்து இருபது பேர் சுற்றி நின்று பதில் குரல் கொடுப்பார்களாம். இங்கே பதில் குரல் கொடுக்கக் கபூர் பாய் ஒருவர்தான் இருந்தார். அவர் அழுதுகொண்டே கொடுத்தார்.

காலை எடுத்தார்கள். பெரியவர் பிழைத்து ஊர் போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து புரட்டாசிச் சனிக்கிழமைகளோடு நிறுத்தாமல், ஐப்பசியில் முதல் சனிக்கிழமையும் சேர்த்துப் பட்டினி கிடந்தாள். உடைத்த விரதத்துக்கு ஒன்று, சொன்ன பொய்யும் அதிலேயே அடங்கட்டும் என்பாள்.

எட்டு ஒன்பது வருஷம் கழித்து, நான் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தபோது, கபூர் பாய் மலையேறி வந்தார். தாடி வெளுத்திருந்தது. பெரியவர் காலமாகிவிட்டார் என்று சொல்ல வந்திருந்தார். கடைசி நாட்களில் ஒருநாள் பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண் அன்றைக்கு உங்களை ஒன்றும் கேட்கவில்லை, கேட்டது நான்தான் என்று உண்மையைச் சொல்லி அழுதாராம். பெரியவர் சிரித்தாராம். எனக்கு அன்றைக்கே தெரியும், அவள் பேசியது இரண்டே வார்த்தை, நீ பேசியது ஒரு மழை நேரம் என்றாராம். பிறகு ஏன் சரி என்றீர்கள் என்று இவர் கேட்டதற்கு, “கட்டளை போட எத்தனையோ பேர் வந்தார்கள், என் வீட்டுப் பாயில் உட்கார்ந்து கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. அன்றைக்கு அவள் உட்கார்ந்தாள். நீ நின்றபடியே கேட்டாய், உனக்கும் என் எதிரே உட்காரலாம் என்று தெரியவில்லையே என்றுதான் வருத்தம்” என்றாராம்.

அம்மா பாயின் தோளில் ஒரு அடி வைத்தாள். “தெரிஞ்சேதான் சரின்னாரா அந்த மனுசன்? இத அப்பவே கேட்டுச் சொல்லியிருந்தா, நான் இத்தினி வருசம் ஒரு சனிக்கெழம அதிகமாக் காய்ஞ்சிருக்க மாட்டேன்ல.” சொன்னாளே தவிர, அந்த ஐப்பசிச் சனிக்கிழமையை அவள் சாகும் வரை விடவில்லை.

இப்போது நான் போளூரில் மகளோடு இருக்கிறேன். பெரியப்பா வீடு இருந்த இடத்தில் விடுதி கட்டி, சனி ஞாயிறுகளில் காரில் வந்து இறங்குகிறார்கள். பாயும் போய்விட்டார். எனக்கும் சர்க்கரை வந்து, போன மாசத்திலிருந்து இடது கால் பெருவிரலில் ஒரு புண் இருக்கிறது. டாக்டரிடம் போ போ என்று மகள் போனில் சொல்கிறாள், வீட்டில் சொல்கிறாள், மருமகன் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள். நாளைக்குப் பார்க்கலாம் என்கிறேன். நேற்று மகள் வேலை முடிந்து வந்து, கைப்பையைக்கூட இறக்காமல் என் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நான் போட்டு வைத்திருந்த டீயை எடுக்கவில்லை. அவளுக்கு இந்தக் கதையெல்லாம் நான் சொன்னதே கிடையாது. தலைவலியோ என்னமோ, சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். டீ ஆறி மேலே ஆடை கட்டுகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “குடிம்மா, காலைல போலாம்” என்றேன்.